கடைசியில் வருபவரை வைத்து ஓட்டத்தைத் திட்டமிடுங்கள்: அமெரிக்க சைக்கிள் கிளப் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க நகரங்களின் சைக்கிள் கிளப் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். டல்லாஸ், நியூ ஜெர்சி, சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி என்று உங்கள் சனிக்கிழமை ஓட்டங்களில் தமிழர்களும் மிதிக்கிறார்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறோம். அவர்கள் முதலில் படித்துவிட்டுக் கமிட்டிக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லட்டும்.

கறுப்பினப் பெண்களுக்கான சைக்கிள் குழுக்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே உங்களில் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி இது: "நம்ம கிளப்பில்தான் எல்லாருக்கும் இடம் இருக்கே, அப்புறம் எதற்குத் தனிக் குழு?" கேட்பவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். ஆனால் இடம் இருக்கிறதா இல்லையா என்பதை அறிவிப்புப் பலகையில் பார்க்கக் கூடாது. ஓட்டம் தொடங்கி ஐந்தாவது மைலில், கூட்டத்தின் கடைசியில் போய்ப் பார்க்க வேண்டும்.

பழைய கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். பாஸ்டனைச் சேர்ந்த, கறுப்பின வம்சாவளித் தையல்காரப் பெண் கிட்டி நாக்ஸ் 1893இல் லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென் என்ற சைக்கிள் சங்கத்தில் உறுப்பினரானார். அடுத்த ஆண்டே லூயிவில் மாநாட்டில், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று சங்கம் விதியைத் திருத்தியது. 1895இல் நியூ ஜெர்சியின் ஆஸ்பரி பார்க்கில் நடந்த சங்கக் கூட்டத்துக்கு அவர் தன் உறுப்பினர் அட்டையோடு வந்து நின்றார். அவரை ஏற்பதா வேண்டாமா என்பது அன்றைய நாளிதழ்களில் பெரிய சர்ச்சையானது. அந்தச் சங்கத்தின் இன்றைய வாரிசு அமைப்பு நிறத்தடையை முறைப்படி நீக்கியது 1999இல். நூறு வருஷத்துக்கும் மேல்! இதற்கிடையில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 1928 ஈஸ்டர் வாரத்தில் ஐந்து கறுப்பினப் பெண்கள் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் வரை 250 மைலை மூன்றே நாளில் மிதித்துப் போனார்கள். 1899இல் சைக்கிள் பந்தயத்தில் உலக சாம்பியனான கறுப்பின வீரர் மேஜர் டெய்லரின் பெயரில் 1979இல் ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் ஒரு கிளப் உருவானது. அதைத் தொடர்ந்து பல நகரங்களில் அதே பெயரில் கிளப்புகள் வந்தன. 2013இல் பிட்ஸ்பர்க்கில் மோனிகா கேரிசன் 'பிளாக் கேர்ள்ஸ் டூ பைக்' அமைப்பைத் தொடங்கினார். இன்று அதற்கு நாடு முழுவதும் கிளைகள் இருக்கின்றன. கிளைத் தலைவிகளை 'ஷீரோ' (ஷீ + ஹீரோ) என்று அழைக்கிறார்கள். ஆகவே தனிக் குழு என்பது நேற்று முளைத்த அடம் அல்ல.

சரி, ஐந்தாவது மைலுக்கு வருவோம்.

உங்கள் அறிவிப்பில் மெதுவாக ஓட்டுபவர்களுக்கான 'சி பிரிவு, சராசரி வேகம் மணிக்கு 12 மைல்' என்று இருக்கும். சிக்னல், திருப்பம், மேடு எல்லாவற்றையும் சேர்த்து 12 சராசரி வர வேண்டுமானால் சமதளத்தில் 14, 15இல் போயாக வேண்டும். புதிதாக வருபவர் வீட்டருகே தனியாக 10 மைல் வேகத்தில் ஓட்டிப் பழகியவர். '12தானே, சமாளிச்சுடலாம்' என்று நம்பி வருகிறார். சராசரியை எழுதாதீர்கள். 'சமதளத்தில் இந்த வேகத்துக்கு மேல் போக மாட்டோம்' என்று உச்ச வேகத்தை எழுதுங்கள். தொடக்கநிலை ஓட்டத்துக்கு அது 10 மைல், தூரம் 8 முதல் 10 மைல். மிதித்துக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே சரியான அளவுகோல்.

அடுத்தது சிக்னல். பச்சை விழுந்ததும் ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவரைவிட ஒன்றரை நொடி தாமதமாகக் கிளம்பினாலே இருபதாவது ஆள் அரை நிமிடம் பிந்திவிடுவார். முன்னால் போகிறவர் அதற்குள் 12 மைல் வேகத்தை எட்டிவிட்டால் இடைவெளி சுமார் 150 மீட்டர். அதை மூட, கூட்டத்திலேயே மெதுவான ஆள் கூட்டத்திலேயே வேகமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சிக்னலிலும் இதே கதைதான். பாதி வழியில் அவர் ஓய்ந்துபோவதற்கு உடல்வாகு காரணம் அல்ல, முன்னால் ஓட்டி வழிநடத்தும் முன்னோடிதான் காரணம். சந்திப்பைத் தாண்டியதும் முன்னோடி நடை வேகத்துக்குச் சற்று மேலே, 6 அல்லது 7 மைலில், போய்க்கொண்டிருக்க வேண்டும். 'எல்லாரும் வந்தாச்சு' என்று, கூட்டத்தின் கடைசியில் வரும் பின்காவலர் குரல் கொடுத்த பிறகுதான் வேகம் கூட்ட வேண்டும்.

இதைவிட மோசமான ஒரு பழக்கம் இருக்கிறது. மேட்டின் உச்சியில் எல்லாரும் நின்று காத்திருப்பீர்கள். தண்ணீர் குடிப்பீர்கள், பேசிச் சிரிப்பீர்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க மேலே வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றுவார். உடனே 'வந்துட்டாங்க, கிளம்பலாம்' என்று மணி அடிப்பீர்கள். பத்து நிமிடம் ஓய்வெடுத்தவர்கள் கிளம்புகிறார்கள், ஒரு நிமிடம்கூட ஓய்வெடுக்காதவரும் அவர்களோடு கிளம்புகிறார். 'யாரையும் விட்டுப் போக மாட்டோம்' என்ற வாக்கைக் காப்பாற்றிவிட்டதாகக் கிளப் நினைத்துக்கொள்கிறது. அவர் அடுத்த வாரம் வருவதில்லை. கறுப்பினப் பெண்களின் குழுக்களில் நன்றாக நடப்பவற்றைக் கவனியுங்கள்: கடைசி ஆள் வந்து சேர்ந்த நொடியிலிருந்துதான் ஓய்வு நேரக் கணக்கு தொடங்கும், குறைந்தது ஐந்து நிமிடம். கிளம்பலாமா என்று கேட்பதும் அவரிடம்தான். இதற்கு ஒரு காசு செலவில்லை.

பின்காவல் வேலைக்கு வேகமான ஆள் எதற்கு? பொறுமையும் பஞ்சர் ஒட்டத் தெரிந்த கையும் இருந்தால் போதும். அவர் பையில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் உங்கள் கிளப்பின் உண்மையான நோக்கம் தெரிகிறது. பந்தய சைக்கிளுக்கான 700×25 (சக்கர அளவு 700, டயர் அகலம் 25 மி.மீ.) ட்யூபும் மெல்லிய பிரெஸ்டா வால்வும் மட்டும் இருந்தால், வந்திருக்கும் சைக்கிள்களில் பாதிக்கு அது உதவாது. 700×35–45 இரண்டு, 26×2.0 ஒன்று, மடக்கு சைக்கிள் வருமானால் 20 அங்குலம் ஒன்று வேண்டும். கார் டயர் போன்ற தடித்த ஷ்ரேடர் வால்வு, பிரெஸ்டாவுக்காகத் துளையிட்ட ரிம்மில் நுழையாது. ஷ்ரேடருக்கான துளையில் பிரெஸ்டா நுழையும், ஆனால் துளை பெரிதாக இருப்பதால் வால்வின் அடி அறுபடாமலிருக்க ஒரு சிறு வளையம் போட வேண்டும். டயர் நெம்புகோல் இரண்டு, ஒட்டுத்துண்டும் பசையும், இரண்டு வால்வுக்கும் பொருந்தும் கைப்பம்ப், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ. மலிவு சைக்கிள்களில் சக்கரம் நட்டில் நிற்கும். அதற்கு 15 மி.மீ. ஸ்பேனர் இல்லையென்றால் மற்றதெல்லாம் இருந்தும் வீண்.

இ-பைக்குகள் நிறைய வருகின்றன. முட்டி வலிக்காரர்களுக்கும் ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் அதுதான் வாசல், முகம் சுளிக்காதீர்கள். பின்சக்கர மோட்டார் வண்டி பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு: 18 அல்லது 19 மி.மீ. நட்டு, மோட்டார் ஒயர், 25 கிலோவுக்கு மேல் எடை. கழற்றவே வேண்டாம். செயின் இல்லாத பக்கம் கீழே இருக்கும்படி வண்டியைப் படுக்க வையுங்கள். டயரின் மேல் விளிம்பை மட்டும் விலக்கி, ட்யூபை ஓட்டை இருக்கும் இடத்தில் வெளியே இழுங்கள். சுரண்டி, பசை தடவி, ஐந்து நிமிடம் காயவிட்டு ஒட்டுங்கள். டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிக் கண்ணாடிச் சில்லைத் தேடுங்கள். வெறும் விரல் வேண்டாம்.

ட்யூபில் அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால் அது கண்ணாடி அல்ல, காற்று குறைவு. இங்கே உடல் எடையைப் பற்றிப் பேசத் தயங்கக் கூடாது, கேலியும் கூடாது. அதே 38 மி.மீ. டயரில் 60 கிலோ ஆளுக்கு 45 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) போதும், 100 கிலோ ஆளுக்குப் பின்சக்கரத்தில் 65 வரை தேவைப்படலாம். டயர் பக்கவாட்டில் அச்சிட்ட உச்சவரம்பைத் தாண்டாமல் இருந்தால் சரி. பின்சக்கரத்தில் செயின் பக்கத்து ஸ்போக்ஸ் அடிக்கடி உடைகிறதென்றால், 32 அல்லது 36 ஸ்போக்ஸ் உள்ள சக்கரம் போடச் சொல்லுங்கள். 'எடையைக் குறைங்க, சரியாயிடும்' என்பது மெக்கானிக் சொல்லும் பேச்சல்ல.

ஹெல்மெட்டுக்கு வருகிறோம். 'ஹெல்மெட் கட்டாயம்' என்று எழுதிவிட்டு, இலவசமாகக் கொடுக்க நடுத்தர அளவில் இருபது வாங்கி வைத்திருப்பீர்கள். வரும் பெண்களில் பலர் பின்னல்களோ, லாக்ஸ் எனப்படும் திரிசடையோ, இயல்பான சுருள் முடியோ வைத்திருப்பார்கள். பின்னல் போட்டால் தலையின் சுற்றளவு கூடும். ஒரே பெண்ணுக்கு இந்த மாதம் 57 செ.மீ., அடுத்த மாதம் 61 ஆகலாம். உச்சியில் கொண்டை இருந்தால் ஹெல்மெட் பின்னால் சரிந்து நெற்றி திறந்துகொள்ளும். முகம் குப்புற விழும்போது அடி படுவது அங்கேதான். ஓட்டத்தன்று எந்தத் தலையலங்காரத்தோடு வருவாரோ அதோடு புருவத்துக்கு மேலே ஓர் அங்குலத்தில் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். பின்னல்களைக் கழுத்தின் மேல் தாழ்வாகக் கட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட்டின் பின்புறத் தாங்கியை ஒரு படி மேலேயோ கீழேயோ நகர்த்தினால் கட்டு அதன் அடியில் அமரும். புருவத்துக்கும் விளிம்புக்கும் இரண்டு விரல் இடைவெளி. இரண்டு வார்களும் காதுக்குக் கீழே ஒன்றுசேர வேண்டும். முடி உலராமலிருக்க மெல்லிய சாட்டின் துணி கட்டலாம், ஆனால் முடிச்சு ஹெல்மெட்டுக்குள் வரக் கூடாது. கட்டிய பிறகு தலையை ஆட்டிப் பாருங்கள். சாட்டின் வழுக்கும், நகர்ந்தால் திருகை இன்னும் இறுக்க வேண்டும். உள்பஞ்சை மெல்லியதாக மாற்றலாம். வெள்ளை நுரையைச் சுரண்டுவது மட்டும் கூடவே கூடாது. இருபது நடுத்தர அளவுக்குப் பதில் எட்டு நடுத்தரம், பன்னிரண்டு பெரியது வாங்குங்கள். அவற்றில் சில 63 செ.மீ.க்கு மேலும் போகட்டும்.

சீட்டைப் பற்றிச் சுருக்கமாக: நெளி அட்டை மேல் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் விழும். நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அதோடு 20 முதல் 25 மி.மீ. கூட்டினால் நிமிர்ந்து ஓட்டுபவருக்கான சீட் அகலம். பஞ்சு வைத்த கால்சட்டைக்குள் உள்ளாடை வேண்டாம் என்பதைப் பெண்ணே பெண்ணுக்குச் சொல்லட்டும். தையல் உராய்ந்துதான் புண் வருகிறது. வழியில் ஐந்தாறு மைலுக்கு ஒரு கழிவறை இருக்க வேண்டும். பூங்காக் கழிவறை குளிர்காலத்தில் பூட்டியிருக்கும் என்பதால் நூலகக் கிளைகளைக் குறித்து வையுங்கள்.

இனி நீங்கள் பேச விரும்பாத விஷயம். ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் போலீஸ் நிறுத்திய சைக்கிள்காரர்களைப் பற்றி அமெரிக்க நீதித்துறை 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நகர மக்களில் கறுப்பினத்தவர் 26 சதவீதம். நிறுத்தப்பட்டவர்களில் 73 சதவீதம். இந்த நிறுத்தல்களால் குற்றமோ விபத்தோ குறைந்ததாகவும் தெரியவில்லை. விளக்கு இல்லை, நடைபாதையில் ஓட்டினாய் என்பது போன்ற சில்லறைக் காரணங்கள்தான் இப்படி நிறுத்துவதற்குப் பிடி. ஆகவே கிளம்புமுன் முன்விளக்கு, பின் சிவப்பு விளக்கு, பிரதிபலிப்பான், மணி ஆகியவற்றைப் பாருங்கள். பகலாக இருந்தாலும் பாருங்கள். கடன் கொடுக்க ஆறு ஜோடி விளக்கு கைவசம் இருக்கட்டும். சிவப்பில் கூட்டமாகக் கடப்பதற்காகக் குறுக்குத் தெருவை மறிக்கும் வழக்கத்தை விடுங்கள். உங்களுக்கு அது திட்டோடு முடியும், எல்லாருக்கும் அப்படி முடியாது. யாரையாவது போலீஸ் நிறுத்தினால் ஓட்டம் அங்கேயே நிற்க வேண்டும். ஓட்டத் தலைவர் முன்வந்து பேச வேண்டும், மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஓரமாக நிற்க வேண்டும். 'நாங்க முன்னாடி போய் நிக்கிறோம்' என்று யாரும் நகரக் கூடாது.

தனிக் குழுக்களுக்கு என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். உங்களோடு இணையச் சொல்லாதீர்கள். உங்கள் சட்டையைப் போட்டுப் படம் எடுக்க ஆள் அனுப்பச் சொல்லாதீர்கள். சிறிய கிளைகளுக்கு எப்போதும் இடறுவது காப்பீட்டுத் தொகையும் பூங்கா அனுமதிக் கட்டணமும்தான். அந்த இரண்டையும் அவர்கள் பெயரிலேயே கட்டிக் கொடுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை பஞ்சர் ஒட்டத் தெரிந்த இரண்டு பேரைக் கடன் கொடுங்கள்; பாதையையும் வேகத்தையும் அவர்களின் தலைவியே முடிவு செய்வார், உங்கள் ஆட்கள் பின்னால் வந்தால் போதும். கேட்காமல் அறிவுரை சொல்லும் ஆளை அனுப்பாதீர்கள். உங்கள் கிளப்பில் அவர் யாரென்று உங்களுக்கே தெரியும்.

கமிட்டி அடுத்து கூடும்போது வரவேற்பு அறிக்கை எழுதுவதை ஒத்திவைத்துவிட்டு மூன்று விஷயங்களுக்குத் தீர்மானம் போடுங்கள்: அறிவிப்பில் உச்ச வேகம், கடைசி ஆள் வந்த பிறகு ஐந்து நிமிடம், பின்காவல் பையில் 15 மி.மீ. ஸ்பேனர். ஹெல்மெட் வாங்கும் பட்டியலை அதே கூட்டத்தில் திருத்த முடிந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டப் பயிற்சியும் பழுதுபார்ப்பும் தெரிந்த சிலர்