ஜாப் கார்டை முதலில் சரிசெய்யுங்கள்: பைக் சர்வீஸ் சென்டர் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீலர்களுக்கும் ஒர்க்ஸ் மேனேஜர்களுக்கும் சர்வீஸ் அட்வைசர்களுக்கும் வணக்கம்.

வண்டி வாங்க வருபவருக்கு ஷோரூம் முன்பக்கத்தில் கிடைக்கும் மரியாதை, முதல் ஃப்ரீ சர்வீஸில் பாதியாகி, பெய்டு சர்வீஸ் தொடங்கும்போது காணாமல் போய்விடுகிறது. ஓசூரிலும் ஒரகடத்திலும் லட்சக்கணக்கில் வண்டி செய்து உலகத்துக்கு அனுப்பும் மாநிலத்தில் இது நடக்கிறது. கோபத்தைக் கொட்டி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் ஒர்க்ஷாப் வேலை தெரிந்தவர்கள். கோளாறு எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே இந்த மடல். பெரும்பாலும் அது காலையில் ஜாப் கார்டு (புகாரையும் செய்ய வேண்டிய வேலையையும் குறிக்கும் தாள்) எழுதும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. மெக்கானிக் கைக்கு வண்டி வரும்போது பாதித் தவறு நடந்து முடிந்திருக்கிறது.

"வண்டி இழுவையே இல்லீங்க" என்கிறார் வாடிக்கையாளர். அட்வைசர் கம்ப்யூட்டரில் 'பிக்அப் லோ' என்ற வரியைத் தேர்ந்தெடுக்கிறார். மெக்கானிக் அதைப் பார்த்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஏர் ஃபில்டரை ஊதி மாட்டுகிறார். சாயங்காலம் வண்டி வந்தது போலவே திரும்பிப் போகிறது. இழுவை இல்லை என்ற ஒரே புகாருக்குள் குறைந்தது ஐந்து காரணம் இருக்கலாம். பின் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், செயின் அளவுக்கு மேல் இறுகியிருக்கலாம், கிளட்ச் வழுக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டயரில் காற்று குறைந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய நான்கு கேள்வி போதும். எப்போதிலிருந்து? எடுத்த உடனேயா, எஞ்சின் சூடான பிறகா? ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் நிற்கிறதா? கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது?

மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் கிளட்ச் பக்கம் பாருங்கள். அப்போதும் உடனே பிளேட் செட்டுக்கு எஸ்டிமேட் போட வேண்டாம். லீவரில் ஃப்ரீ பிளே (வேலை செய்யத் தொடங்கும் முன் வெறுமனே அசையும் தூரம்) பல வண்டிகளில் 10 முதல் 20 மி.மீ. இருக்க வேண்டும். கேபிள் இறுகி அது இல்லாமல் போனாலே கிளட்ச் வழுக்கும். அடுத்து, உள்ளே என்ன ஆயில் இருக்கிறது என்று கேளுங்கள். பைக்கில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டு சுற்றுகிறது. அதற்கு ஜாசோ என்ற ஜப்பானிய ஆயில் தரக் குறியீட்டில் எம்ஏ அல்லது எம்ஏ2 தர ஆயில் வேண்டும். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் ஆயிலையோ ஸ்கூட்டருக்கான எம்பி தர ஆயிலையோ ஊற்றினால் புது பிளேட்டும் வழுக்கும்.

கடைசிக் கேள்விக்கு "போன வாரம் செயின் டைட் வெச்சாங்க" என்று பதில் வந்தால், காரணம் பெரும்பாலும் உங்கள் ஒர்க்ஷாப்பிலேயே இருக்கிறது. செயின் இறுக்கப் பின் சக்கரத்தை ஆக்சிலோடு (அச்சோடு) பின்னால் தள்ளுகிறோம். டிரம் பிரேக் வண்டியில் பெடலிலிருந்து போகும் பிரேக் ராடின் நீளம் மாறுவதில்லை. சக்கரம் பின்னால் நகர நகர அந்த ராடு பிரேக் ஆர்மை முன்னால் இழுக்கிறது. பெடலின் ஃப்ரீ பிளே குறைகிறது. வழக்கமாக 20 முதல் 30 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போனால் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். மைலேஜ் இறங்கும், டிரம் சூடாகும். செயின் வேலை முடிந்ததும் ராடின் பின்முனையில் உள்ள நட்டைத் தளர்த்திப் பெடலைச் சரிபார்க்க ஒரு நிமிடம் ஆகாது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். பாதிச் சுற்றில் நின்றால் வண்டியை டெலிவரிக்கு அனுப்பாதீர்கள்.

செயினைப் பற்றி இன்னும் ஒன்று. 100 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிகளில் தொய்வு பொதுவாக 20 முதல் 30 மி.மீ. இருக்கும், சரியான அளவு அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கிறது. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எங்கே அதிகம் இறுகியிருக்கிறதோ அந்த இடத்தில் வைத்துத்தான் அளவு வைக்க வேண்டும். முழு செயின் கவர் உள்ள வண்டிகளில் ரப்பர் மூடியைக் கழற்றி, ஓட்டைக்குள் விரலை விட்டு ஒரே இடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு 'ஓகே' போடுகிறார்கள். விரல் பட்டது தளர்ந்த இடமாக இருந்தால், அதை இறுக்கும்போது இன்னொரு இடம் கம்பி போல விறைத்துவிடும். அந்தச் சுமை முழுவதும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கிலும் பின் வீல் பேரிங்கிலும் போய் விழுகிறது. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் உள்ள கோடுகள் ஒரே எண்ணிக்கையில் நிற்கின்றனவா என்று பார்க்காமல் ஆக்சில் நட்டை முறுக்குவதும் அன்றாடம் நடக்கிறது. சக்கரம் கோணலாக நின்றால், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேயும். பார்த்தாலே தெரியும், யாரும் பார்ப்பதில்லை.

செக் லிஸ்ட் விஷயத்துக்கு வருகிறோம். முப்பது, நாற்பது வரிகளுக்கும் ஒரே பேனாவில், ஒரே வேகத்தில், மேலிருந்து கீழே டிக் போட்டிருக்கும். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு 'கூலன்ட் லெவல் ஓகே' என்று இருக்கும்; பின்னால் டிரம் உள்ள வண்டிக்கு 'ரியர் டிஸ்க் பேட் ஓகே' என்று இருக்கும். இப்படி ஒரு தாளைக் கையில் வாங்கும் வாடிக்கையாளர் மற்ற டிக்குகளை எப்படி நம்புவார்? டிக்குக்குப் பதிலாக அளவை எழுதச் சொல்லுங்கள். முன் டயர் காற்று இவ்வளவு, செயின் தொய்வு இவ்வளவு, பேட்டரி இத்தனை வோல்ட். எண் எழுத வேண்டுமென்றால் அளந்துதான் ஆக வேண்டும்.

பேட்டரிக்கு இது ரொம்பவே பொருந்தும். "காலையில செல்ஃப் எடுக்கல" என்றதும் புது பேட்டரி விற்றுவிடுகிறீர்கள். மல்டிமீட்டரை வையுங்கள். எஞ்சின் அணைந்து சில மணி நேரம் ஆன நல்ல பேட்டரி 12.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை முறுக்கினால் 13.5க்கு மேல் ஏறி 14, 14.5இல் நிற்க வேண்டும். ஏறாவிட்டால் குறை சார்ஜிங்கில்: மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயில், அதைச் சீராக்கும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், அல்லது கருகிய ஒரு கப்ளர் (வயர் இணைப்பு). அதைப் பார்க்காமல் மாட்டும் புது பேட்டரியும் சில வாரங்களில் படுத்துவிடும். வாரண்டி கேட்டு வருபவரிடம் 'எக்ஸ்ட்ரா லைட் போட்டீங்களா' என்று அப்புறம் சண்டை போடுவீர்கள்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனரை மாட்டி அதில் வரும் பிழைக் குறியீட்டை அழித்து அனுப்பிவிடுகிறார்கள். சென்சார் கோளாறு அப்படியே இருக்கிறது. விளக்கு மூன்றாம் நாள் மறுபடி எரிகிறது. அழிப்பதற்கு முன் அந்தக் குறியீட்டு எண்ணை ஜாப் கார்டில் எழுதுங்கள். அடுத்த முறை பார்ப்பவருக்கு அது ஒன்றுதான் துப்பு.

ஏர் ஃபில்டரை ஊதி மாட்டுவதாக மேலே சொன்னோம். இன்றைய பல ஸ்கூட்டர்களிலும் பைக்குகளிலும் இருப்பது எண்ணெய் தோய்த்த காகித ஃபில்டர். அதை ஊதவே கூடாது. கம்ப்ரசர் காற்று அடித்தால் எண்ணெய்ப் படலம் போய்த் தூசி உள்ளே இறங்கும். கையேட்டில் சொன்ன கி.மீ. வந்ததும் மாற்ற வேண்டும். புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கு இன்னும் முன்னதாகவே. 'ஏர் ஃபில்டர் கிளீனிங்' என்று பில்லில் காசு வாங்குவது, கெடுத்ததற்குக் கூலி வாங்குவதுதான்.

வாட்டர் வாஷ் முதல் வேலையாக இருக்க வேண்டும். பல இடங்களில் டெலிவரிக்கு வண்டி மினுங்க வேண்டும் என்று கடைசியில் அடிக்கிறார்கள். காலையில் செயினுக்குப் போட்ட லூப் (மசகு) அதோடு போய்விடுகிறது. டிரம்முக்குள்ளும் வீல் பேரிங்கிலும் கப்ளர்களிலும் தண்ணீர் ஏறி, வீட்டுக்குப் போகும் வழியிலேயே பிரேக் பிடிக்காமல் வழுக்குகிறது. கழுவு, காயவை, அப்புறம் வேலை, கடைசியில் செயின் லூப்.

ஆயில் மாற்றும்போது நடக்கும் சேதம் பெரியது. பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டை, காற்றழுத்தத்தில் முறுக்கும் நியூமேட்டிக் கன் வைத்து முறுக்குகிறார்கள். அந்த போல்ட் ஏறும் எஞ்சின் அடிக்கூடான கிராங்க் கேஸ் அலுமினியம், 12 மி.மீ. போல்ட்டுக்கு 24 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். கன் அதைத் தாண்டிப் போய் மரையைத் தின்றுவிடும். அந்தத் தவணையில் ஒன்றும் தெரியாது. அடுத்த சர்வீஸில் கழற்றும்போது மரை கையோடு வரும், 'பழைய டேமேஜ்' என்று வாடிக்கையாளர் தலையில் கட்டப்படும். நசுங்கிய வாஷரைத் திரும்பப் போடுவதும் கசிவுக்கு வழி. ஸ்கூட்டரில் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தனியாக கியர் ஆயில் உண்டு. 110 சிசி வண்டிகளில் 100 முதல் 120 மி.லி. மட்டும். பில்லில் ஏறிவிடுகிறது, வண்டிக்குள் ஏறுவது சந்தேகம். அந்தச் சின்ன போல்ட்டின் மேல் அழுக்கு அசையாமல் இருந்தால் யாரும் திறக்கவில்லை என்று அர்த்தம்.

இனி பில். 800 மி.லி. கொள்ளும் எஞ்சினுக்கு ஒரு லிட்டர் கேன் போட்டால் மீதியை மூடி போட்டு வாடிக்கையாளரிடம் கொடுங்கள். அது அவர் காசு. அவரைக் கேட்காமல் டீகார்பனைசிங், இன்ஜெக்டர் கிளீனர், டெஃப்லான் கோட்டிங் சேர்க்காதீர்கள். 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்ற ஒற்றை வரிக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்து எழுதுங்கள். பொட்டலத்தில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. அதன் மேல் மறுபடி ஜிஎஸ்டி போடுவது சட்டப்படி தவறு. உதிரி பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது. அந்தக் குறைவு வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்கிறதா என்று உங்கள் ஸ்பேர்ஸ் கவுன்டரில் ஒருமுறை பாருங்கள். மாற்றிய பழைய பிரேக் ஷூ, பிளக், கேபிள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, ஜாப் கார்டு எண்ணை எழுதி வண்டியோடு கொடுங்கள். வேண்டாம் என்பவர் குப்பையில் போட்டுக்கொள்வார்.

மெக்கானிக்குகளைக் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று இலக்கு வைத்து, கூடவே கோட்டிங்கும் கிளீனரும் இத்தனை விற்க வேண்டும் என்று அழுத்தினால், செயினைச் சுற்றிப் பார்க்க எந்தத் தம்பிக்கு நேரம் இருக்கும்? எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை கொடுக்கிறீர்கள். அதே புகாரோடு பதினைந்து நாளுக்குள் திரும்பி வராத வண்டிக்குக் கொடுத்துப் பாருங்கள்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். புகாரை வாடிக்கையாளர் சொன்ன சொற்களிலேயே தமிழில் எழுதுங்கள்: 'கட கடன்னு சத்தம், மூணாவது கியர்ல, நாப்பது வேகத்துல' என்றால் அப்படியே. சத்தம், ஆட்டம், பிரேக் பற்றிய புகார் என்றால் அட்வைசரோ மெக்கானிக்கோ அவரோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியை உள்ளே எடுங்கள். வேலை முடிந்ததும் அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். எழுதிய ஜாப் கார்டின் நகலைக் கையில் கொடுங்கள். எஸ்டிமேட்டைத் தாண்டினால் போன் செய்து சம்மதம் வாங்கிய பிறகே பாகத்தைப் பிரியுங்கள். டெலிவரி நேரத்தில் கவுன்டர் பையனுக்குப் பதில் வேலை செய்த மெக்கானிக்கே இரண்டு நிமிடம் வந்து, என்ன பார்த்தேன், என்ன மாற்றினேன் என்று சொல்லட்டும்.

வாடிக்கையாளர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. அங்கே முதலில் கேட்கப்படும் ஆவணங்களில் ஜாப் கார்டும் பில்லும் இருக்கும். 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் எழுதிய கார்டு அன்றைக்கு உங்களையும் காப்பாற்றாது.

இங்ஙனம்,
வண்டி வேலை தெரிந்த வாடிக்கையாளர்கள்