நூருக்கு, முயல் விஷயமாக

தங்கச்சிமடம்,
ஜூன் மாதம்

அன்பு நூரு,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். ஆயிஷாவின் பிறந்தநாளுக்கு இன்னொரு முயல் வாங்கி மாடி வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறாய். அன்று காலையில் அதைப் பழைய முயலின் கூட்டுக்குள் விட்டுப் பிள்ளையை அசத்தப் போகிறாய். அதை மட்டும் செய்யாதேடி. போனில் சொன்னால் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே மீன் கழுவுவாய் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். தடைக்காலம் முடியப்போவதால் டேவிட் கடற்கரையிலேயே கிடக்கிறான், வலை பார்க்க, இன்ஜின் பார்க்க. உம்மாவுக்கு என் சலாம் சொல். லாத்தா இன்னும் அந்த நண்டு விஷயத்தைச் சொல்லிச் சிரிக்கிறாரா?

எங்கள் முயல் குண்டன் போன வருஷ அக்னி நட்சத்திரத்தில் செத்துப்போனது உனக்குத் தெரியும். மத்தியானம் கரண்ட் போய், காற்றும் நின்றுபோன நாள் அது. முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது, காது வழியாகத்தான் உடம்புச் சூட்டை இறக்கும். வெயில் 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல்தான். ஆனால் அதற்கப்புறம் அதன் ஜோடி ராணி பட்ட பாட்டை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. டாக்டர் சொன்னபடி குண்டனின் உடம்பை உடனே எடுக்காமல் அவள் பக்கத்தில் வைத்தோம். மூக்கால் இரண்டு தரம் தள்ளிப் பார்த்தாள். காதை நக்கினாள். ரொம்ப நேரம் ஒட்டியே படுத்திருந்துவிட்டு, எழுந்து மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து தீனி இல்லை. முயல் அரை நாள் சாப்பிடாவிட்டாலே குடல் ஓட்டம் நின்றுபோகும், உயிருக்கு ஆபத்து. ஊசியில்லாத சிரிஞ்சில் கீரையைக் கரைத்து ஊட்டி ஊட்டித்தான் மீட்டேன். உயிர் பிழைத்தாளே தவிர, பழைய ராணி திரும்பி வரவில்லை. குதியாட்டம் கிடையாது. கூப்பிட்டால் வருவாள், அவ்வளவுதான்.

"உடங்காட்டு முயல் தனியாத்தானே திரியுது, இதுக்கு எதுக்கு ஜோடி?" என்றார் அம்மா. அது வேறு பிராணி, நூரு. நம் காட்டு முயல் கண் திறந்து, மயிரோடு, வெட்டவெளியில் பிறக்கும், தனியாகவே வாழும். நாம் வளர்ப்பது ஐரோப்பாவிலிருந்து வந்த இனம். வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த வம்சம். குட்டி கண் மூடி, மயிரில்லாமல் பிறக்கும். நாம் எவ்வளவு கொஞ்சினாலும் ராத்திரி பக்கத்தில் படுத்துக் காதை நக்கிவிட இன்னொரு முயல் வேண்டும். இதை நான் முழுசாக நம்புகிறேன். அதனால் ஆயிஷாவின் முயலுக்குத் துணை தேடும் உன் மனசு சரிதான். சேர்க்கிற வழிதான் தப்பு.

ராணிக்குத் துணையாகச் சுருளியை வாங்கிய இடத்தில் "பொட்டைதான், சத்தியமா" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மதுரையில் டாக்டர் மல்லாத்திப் பார்த்த உடனே ஆண் என்றார். குட்டியில் ஆண் பெண் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், தெரிந்தவர்களே தடுமாறுவார்கள். உன்னிடம் என்ன சொல்லி விற்றார்களோ, அதை நம்பாதே. முயலுக்கு மாட்டைப் போலப் பருவம் வந்து காத்திருக்கிற வழக்கமில்லை, இணை சேர்ந்தால்தான் கருமுட்டையே இறங்கும். சுமார் 31 நாளில் குட்டி, குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாகும். சென்னை ஃப்ளாட்டில் நீ என்ன செய்வாய், சொல்லு.

சுருளிக்கு அங்கேயே ஆபரேஷன் ஆனது. ஆண் முயலுக்கு விதையெடுத்த பிறகும் ஆறு வாரம் வரைக்கும் சினையாக்கும் சக்தி மிச்சமிருக்கும், அதுவரை பெண் பக்கம் விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பெண்ணுக்கும் செய்வது நல்லதாம். செய்யாவிட்டால் வயதான பிறகு கர்ப்பப்பையில் கட்டி வருவது முயலில் ரொம்ப சகஜமாம். இரண்டு ஆணைச் செய்யாமல் ஒன்றாக விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும்.

இந்தக் காத்திருப்பு நடக்கும்போதுதான் டேவிட் அந்த வேலையைச் செய்தான். நான் டியூஷனில் இருந்தேன். "பாவம், ரெண்டும் கம்பி வழியாப் பாத்துக்கிட்டு இருக்குக்கா" என்று ஆசையில் சுருளியைத் தூக்கி ராணியின் கூட்டில் விட்டுவிட்டான். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சத்தம். முயல் கத்துவதை நீ கேட்டிருக்க மாட்டாய், குழந்தை வீறிடுகிற மாதிரி இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கவ்வி உருண்டன, கூடு முழுக்க மயிர். டேவிட் வெறுங்கையை விட்டு வாங்கிய கடியில் விரல் பிளந்தது. சுருளிக்கு இடது காதில் ஒரு துண்டு இன்றைக்கும் இல்லை. ராணி பொல்லாதவள் இல்லை. அது அவள் வீடு, மூலைமூலையாகத் தாடையைத் தேய்த்துத் தன் வாடையைப் பூசி வைத்த இடம். பெண் முயலின் இடத்துக்குள் முன்பின் தெரியாத ஒன்றை விட்டால் அவள் துரத்தத்தான் செய்வாள். உன் பிறந்தநாள் யோசனையும் இதேதான், நூரு. ஆயிஷா கண் முன்னால் அது நடக்க வேண்டாம்.

காயம் ஆறிய பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். டேவிட்டுக்கு மனசு உறுத்தல். மீன் கூடு கட்டுகிற கையல்லவா, கம்பிவலையில் நடுவே இரட்டைத் தடுப்பு ஒன்று செய்து கொடுத்தான். இரண்டு வலைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி, மூக்கைக் கடிக்க எட்டாது. இந்தப் பக்கம் ராணி, அந்தப் பக்கம் சுருளி. தினமும் இவள் விரிப்பை அவனுக்கும் அவன் விரிப்பை இவளுக்கும் மாற்றிப் போட்டேன். அறுகம்புல்லைத் தடுப்பை ஒட்டியே வைத்தேன், எதிரெதிரே நின்று தின்னட்டும் என்று. முதலில் ராணி தட்டை இழுத்துக்கொண்டு விலகிப் போனாள். அப்புறம் திரும்பி நின்று தின்றாள். பிறகு ஒருநாள் தடுப்பின் இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவனும் ஒரே இடத்தில் முதுகு சாய்த்துத் தூங்கினார்கள். அதற்குப் பிறகுதான் ஒன்றாக விடலாமா என்றே யோசித்தேன்.

விடுகிற இடம் இரண்டு பேருக்கும் புதுசாக இருக்க வேண்டும். வலை எல்லாம் கரைக்குப் போயிருந்ததால் வலைக்கொட்டகை காலி. நன்றாகக் கழுவி, கால் வழுக்காமல் இருக்கப் பெரியம்மாவின் பழைய பனையோலைப் பாயை விரித்தேன். கையில் தடித்த துண்டு, பக்கத்தில் விளக்குமாறு. கொஞ்ச நேரம் மட்டும் விட்டு, நன்றாக இருக்கும்போதே பிரித்துவிடுவேன்.

துரத்துவதும், முதுகில் ஏறுவதும், கொஞ்சம் மயிரைப் பிடுங்குவதும் இருக்கும். யார் பெரியவர் என்று முடிவாகும் வரை அப்படித்தான், பதறிப் பிரிக்காதே. தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்கு, கீழே இருப்பது கடிக்கக்கூடாத இடத்தில் கடித்துவிடும். காதைப் பின்னால் மடித்து, வாலைத் தூக்கிக்கொண்டு ஒன்றையொன்று வட்டமாகச் சுற்றத் தொடங்கினால் அடுத்த நொடி சண்டை. கையை விடாதே, துண்டைப் போடு.

இன்னொன்று. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ஆட்டோவில் சுற்றினால் சேர்ந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பயத்தில் ஒட்டிக்கொள்வது சிநேகம் ஆகுமா? ஹாஸ்டலில் வார்டனுக்குப் பயந்து நாம் யார் யார் கட்டிலுக்கடியில் பதுங்கினோம் என்று நினைத்துப் பார்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ராணி நேராகப் போய்ச் சுருளியின் வாய்க்கு முன்னால் தலையைத் தரையோடு வைத்துக் காத்திருந்தாள். 'என்னை நக்கிவிடு' என்று அர்த்தம். அவன் அங்குமிங்கும் பார்த்தான். பாயில் ஒரு ஓலையை இழுத்து மென்றான். அவள் பொறுமை போய், மூக்கால் அவன் தாடையில் ஒரு இடி. அப்புறம்தான் நெற்றியை நக்கத் தொடங்கினான், கண்ணைச் சுற்றி, காதுக்குள், நிறுத்தாமல். ராணி பல்லை மெதுவாக அரைத்தாள், சுகமாக இருந்தால் அப்படிச் செய்யும். நான் அழுதுவிட்டேன். பிறகு இரண்டும் சேர்ந்து பாயின் ஒரு ஓரத்தையே தின்று தீர்த்தன. பெரியம்மாவுக்கு வேறு பாய் வாங்கித் தர வேண்டும்.

இப்போது ராத்திரியும் சேர்ந்தே இருக்கிறார்கள். இனி ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இரண்டு பேரையும்தான் டாக்டரிடம் கொண்டுபோவேன். பிரித்து வைத்தால் வேறு வாடை ஏறி, திரும்பி வரும்போது அந்நியமாகிவிடும்.

பிறந்தநாளன்று புதுசைத் தனிக்கூட்டில் வைத்தே ஆயிஷாவுக்குக் காட்டு. பேர் வைக்கிற வேலையை அவளிடம் கொடு, விரிப்பு மாற்றுகிற வேலையையும். பத்து வயசுப் பிள்ளை பொறுப்பாகச் செய்வாள். மச்சான் அவசரப்பட்டால் இந்தக் கடிதத்தைக் கையில் கொடு.

சந்தியாகப்பர் திருவிழா ஜூலை 25. வாப்பா இருந்தவரை ஒரு வருஷம் கூடத் தவறியதில்லை, இந்த வருஷம் நீ வா. புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி தீவுக்குள் வருகிறது, மண்டபத்தில் இறங்கி பஸ் மாற வேண்டியதில்லை. டேவிட்டை இன்னொரு தடுப்பு செய்யச் சொல்லியிருக்கிறேன், திரும்பும்போது எடுத்துப் போ. அதற்குள் இரண்டையும் டாக்டரிடம் காட்டிவிட்டு, எது ஆண், எது பெண், வயசு என்ன என்று எனக்கு எழுது. நாலு மாதத்தை நெருங்கியிருந்தால் திருவிழா வரை காத்திருக்காதே, முதலில் ஆபரேஷனுக்கு நாள் கேள்.

உன்,
ஸ்டெல்லா