தெரிந்த சொல்தான் காலை வாரும்

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்தது. அஞ்சல்வழியில் எம்.ஏ. சேர்ந்த சேதியைக் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே! அதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்? ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ முதல் பத்துப் பக்கத்திலேயே நாற்பது சொல்லுக்குக் கோடு போட்டாயிற்று, அகராதியும் கையுமாக உட்கார்ந்தால் கதை நகரமாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொள்கிறாய். அந்த நாற்பதால் உனக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் வராது. கோடு போடாமல், ‘இது தெரிந்ததுதானே’ என்று தாண்டிப் போனாய் பார், அவைதான் காலை வாரும்.

ஜேன் ஆஸ்டின் எழுதி 1813இல் வந்த நாவல் அது. நாம் தினம் புழங்குகிற பல சொற்களுக்கு அன்று வேறு பொருள். நம் ‘நாற்றம்’ மாதிரி: ஆண்டாள் காலத்தில் வாசனை, இன்று அந்த அர்த்தத்தில் யாரிடமாவது சொன்னால் சண்டைதான். முதல் வாக்கியத்திலேயே ஒன்று இருக்கிறது, ‘வான்ட்’. அங்கே அது ஆசை இல்லை, குறை. பணக்காரப் பிரம்மச்சாரிக்கு மனைவி என்ற ஒன்று குறைகிறது என்று ஊரே தீர்மானித்துவிடுகிறது. அவனுக்கு விருப்பம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நக்கல் அங்கேதான்.

14ஆம் அதிகாரத்தில் பாதிரியார் காலின்ஸ், தனக்குப் பதவி கொடுத்த சீமாட்டி லேடி கேத்தரினின் ‘கண்டெசென்ஷன்’ பற்றி உருகுவதைக் கவனி. போன் அகராதியில் முதலில் வருவது ‘மட்டமாக நடத்துவது’ என்ற இன்றைய பொருள். அதை வைத்துப் படித்தால் அவர் குறை சொல்வதுபோல் ஆகி, காட்சியே தலைகீழாகிவிடும். அன்று அது பாராட்டு: எட்டாத உயரத்தில் இருப்பவர் நம் மட்டத்துக்கு இறங்கி வந்து பழகுவது. திருவல்லிக்கேணியில் வளர்ந்த உனக்குச் சுலபமாகச் சொல்லலாம். பெருமாள் தேரோட்டியாக வந்து நின்றதற்கு உபன்யாசத்தில் ‘சௌலப்யம்’ என்பார்களே, கிட்டத்தட்ட அது. அந்தம்மா செய்ததோ, இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டது, சீட்டாட்டத்துக்கு ஆள் சேர்க்க ஒரு சனிக்கிழமை சொல்லி அனுப்பியது, மாடி அலமாரியில் தட்டு அடிக்க யோசனை சொன்னது. இதற்கா இவ்வளவு பெரிய சொல் என்று தோன்றினால்தான் சிரிப்பு வரும்.

சில இடங்களில் ஆஸ்டினே அகராதியாகிவிடுகிறார். 4ஆம் அதிகாரத்தில் கதாநாயகி எலிசபெத் தன் அக்கா ஜேனைக் ‘கேண்டிட்’ என்கிறாள். இன்று அதற்கு ஒளிவுமறைவில்லாமல் பேசுவது என்று பொருள். ஜேனோ யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லாதவள், எப்படிப் பொருந்தும்? அதே பேச்சில் விளக்கம் இருக்கிறது: எல்லோரிடமும் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு, கெட்டதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது. அகராதிக்குக் கை நீட்டுமுன் மேலும் கீழும் இரண்டு வாக்கியம் படி என்று நான் சொல்வது இதனால்தான்.

‘லிவிங்’ என்றால் வாழ்க்கை இல்லை, வருமானத்தோடு கூடிய பாதிரியார் பதவி. பட்டாள அதிகாரி விக்கம் தனக்குக் கிடைக்கவில்லை என்று புலம்புவது அதைத்தான். ‘என்டெயில்’ என்பது எலிசபெத்தின் அப்பா பென்னட்டின் சொத்தைப் பிடித்திருக்கும் கட்டு. வருஷத்துக்கு 2,000 பவுண்டு வரும் சொத்து, ஆண் வாரிசு இல்லாததால் தூரத்து உறவான காலின்ஸுக்குப் போகும். பென்னட் உயில் எழுதி மாற்ற முடியாது. ‘மேக் லவ்’ என்று வந்தால் பதறாதே, குழைந்து பேசுவது, அவ்வளவுதான். ஷேஸ், கரிக்கிள், ஃபேட்டன் எல்லாவற்றுக்கும் ‘குதிரை வண்டி’ என்று எழுதிவிட்டு எத்தனை குதிரை என்று மட்டும் பார். அந்தப் பணக்காரப் பிரம்மச்சாரி பிங்லி நாலு குதிரை வண்டியில் வந்தான் என்றாலே வசதி விளங்கிவிடும்.

இனி வேலை. மொத்தம் 61 அதிகாரம், ஒவ்வொன்றும் சராசரி 2,000 சொல். ஒரு அதிகாரத்தை இரண்டு தடவை படி. முதல் தடவை அகராதி பக்கத்திலேயே இருக்கக் கூடாது. புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, தெரிந்த சொல் இடத்தில் ஒட்டாமல் உறுத்தினால் இரண்டு புள்ளி. இரண்டாம் தடவை இரட்டைப் புள்ளிகளை முதலில் பார். ஒற்றைப் புள்ளிகளில் திரும்பத் திரும்ப வருவது, அது இல்லாமல் வாக்கியமே நிற்காது என்பது, இவை போதும். ஒரு அதிகாரத்துக்கு ஏழு சொல்லுக்கு மேல் நோட்டில் ஏற்றாதே. நாற்பது ஏற்றினால் ஐந்தாம் நாள் நோட்டு பரணுக்குப் போய்விடும்.

நோட்டில் சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தை அதிகார எண்ணோடு எழுது. பக்கத்தில் உன் ஊகம், அதற்கப்புறம் அகராதிப் பொருள், கடைசியில் தமிழ். ஊகத்தை முன்னாலேயே எழுதிவிட வேண்டும். தப்பாகப் போன ஊகம்தான் மறக்காது. வலது பக்கத்தைக் கையால் மறைத்து மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் கழித்துப் பார்.

ஜான்சனின் 1755 அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியில் பொருள்கள் ஆண்டு போட்ட மேற்கோள்களோடு இருக்கும். 1800ஐ ஒட்டிய மேற்கோள் எந்தப் பொருளின் கீழ் வருகிறது என்று தேடு. கன்னிமாராவிலோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ கேட்டுப் பார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ் அகராதியைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். பொருள் தெளிந்த பிறகு தமிழ்ச் சொல் பொறுக்க அது அருமை. அதிலிருந்தே தொடங்கினால் ஒரு சொல்லுக்குப் பத்துத் தமிழ்ச் சொல்லைப் பார்த்துவிட்டு எதை எடுப்பது என்று திண்டாடுவாய்.

ஒன்று கேட்க மறந்தேன். லஸ் நடைபாதைக் கடையில் வாங்கிய பிரதி என்றாயே, 61 அதிகாரமும் இருக்கிறதா? குறைந்தால் சுருக்கிய பதிப்பு. கடினச் சொற்களை எடுத்துவிட்டு எளிய சொற்களைப் போட்டிருப்பார்கள், பரீட்சைக்கு உதவாது. லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், மாற்றுவதென்றால் காலையிலேயே வா, அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டுப் போ.

8ஆம் அதிகாரத்தில் ‘அகம்ப்ளிஷ்டு’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாக்குவாதமே நடக்கிறது. அதுவரை படித்ததும், எந்த அகராதியும் பார்க்காமல், யார் யார் அதற்கு என்னென்ன பொருள் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
கல்யாணி