தாய் மறந்தாலும்

அன்புள்ள தேவராஜ்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நீ மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டாய் என்பதில் பெரிய நிம்மதி. அதற்குள் அன்னையர் ஞாயிறுப் பிரசங்கத்தை உன் தலையில் கட்டிவிட்டார்களா! வேதாகமத்தில் ஏசாயா 49:15-ஐ, ‘ஸ்திரீயானவள் தன் பாலகனை மறப்பாளோ?’ என்ற வசனத்தை, எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். எடு, ஆனால் அந்த ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுக்காதே.

13-லிருந்து வாசி. கர்த்தர் ஆறுதல் செய்தார் என்று வானமும் பூமியும் பாடுகின்றன. உடனே 14-ல் சீயோன், அதாவது எருசலேம், குறுக்கே பேசுகிறாள்: என்னைக் கைவிட்டார், என்னை மறந்தார். புலம்பல் 5:20-லும் இதே முறையீடுதான். அந்தக் குமுறலுக்குப் பதிலாக வருவது 15. முறையீட்டை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் வாசித்தால் அது வாழ்த்து அட்டை வாசகமாகிவிடும்.

அடுத்த சறுக்கல், ‘மறப்பாளோ?’ என்ற கேள்வியோடு நின்று தாய்ப்பாசத்தைப் பற்றி அரைமணி நேரம் உருகுவது. வசனம் அங்கே நிற்கவில்லையே. “அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை” என்று போகிறது. மனிதரிடம் காணக்கூடிய மிக உறுதியான பாசத்தைக் காட்டி, அதுவும் தோற்கலாம் என்று ஒத்துக்கொள்கிறது. அன்று இதைக் கேட்ட ஜனத்துக்கு இது வெறும் பேச்சல்ல. கி.மு. 586-ல் எருசலேம் பாபிலோனியரிடம் விழுமுன் முற்றுகை ஏறத்தாழ ஒன்றரை வருஷம் நீடித்தது. அந்தப் பஞ்சத்தில் தாய்மார் பெற்ற பிள்ளைகளையே சமைத்ததைப் புலம்பல் 4:10 சொல்கிறது. அவர்களைக் கல்நெஞ்சக்காரிகள் என்று சொல்லவில்லை, பார். இரக்கமுள்ள ஸ்திரீகள் என்றே சொல்கிறது. சபையில் சிறுபிள்ளைகளும் இருப்பார்கள், அதனால் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடு. ஆனால் சொல்லாமல் விட்டால் 15-ன் கனம் யாருக்கும் புரியாது.

16-க்கு நேரம் ஒதுக்கு. ‘என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்’ என்பதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். “உன் மதில்கள் எப்போதும் என்முன் இருக்கிறது” என்பதைத் தாண்டிவிடுவார்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனத்துக்கு மதில் ஏது? பாபிலோனியர் இடித்துப்போட்ட கற்குவியல்தான். பிற்பாடு யூதாவின் அதிபதியான நெகேமியா வந்து 52 நாளில் அதைக் கட்டி முடித்தது கி.மு. 445-ல். நடுவே ஏறக்குறைய 140 வருஷம். மறக்கவில்லை என்பதற்கு உடனே நடந்துவிடும் என்று அர்த்தமில்லை. இதை நீ பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும்.

தாயால் கைவிடப்பட்டவர்கள், தாயை இழந்தவர்கள், பிள்ளையில்லாதவர்கள் எல்லாருமே அன்று உன்முன் உட்கார்ந்திருப்பார்கள். ‘உங்கள் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஆரம்பித்தால் முதல் நிமிஷத்திலேயே அவர்களை இழந்துவிடுவாய். சங்கீதம் 27:10-ல் தொடங்கிப் பார். தகப்பனும் தாயும் கைவிட்டாலும் என்றுதான் அது ஆரம்பிக்கிறது.

தேவனைத் தாயோடு ஒப்பிடலாமா என்று யாராவது கேட்டால் உபாகமம் 32:18, ஏசாயா 66:13 இரண்டும் போதும், வாதத்தில் இறங்காதே. ஓசியா 13:8-ல் தேவன் தம்மை ஒப்பிடுகிற, குட்டிகளைப் பறிகொடுத்த கரடியும் வருகிறது. மென்மை மட்டுமே தாய்மை என்று நினைப்பவர்களுக்கு அது நல்ல மருந்து, ஆனால் அன்றைக்கு வேண்டாம்.

சங்கீதம் 131-ஐயும் இதோடு சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். சேர்க்காதே. அது பால் மறந்த குழந்தையைப் பற்றியது. பாலுக்காக அழாமல் தாயிடம் சும்மா இருக்கிற பிள்ளை அது. ஏசாயாவில் வருவது தாயின் நினைவு. இரண்டையும் ஒரே பிரசங்கத்தில் குழைத்தால் இரண்டுமே நீர்த்துப்போகும். மூன்றே வசனமானாலும் அதற்கு ஒரு தனி ஞாயிறு வேண்டும்.

குறிப்பு எழுதியதும் அனுப்பு, பார்த்துத் தருகிறேன். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் பெரிய எழுத்தில் எழுது.

அன்புடன்,
ஜெயசீலன்