பாட்டின் பெயரோடு பதிவான ஆண்டையும் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேட்கவும் ஆடவும் ஏற்ற ஸ்விங் இசைத்தட்டுகள் என்று தங்கள் இதழில் வந்த பட்டியலைப் பார்த்தேன். ஸ்விங் என்பது 1930களில் அமெரிக்காவில் பரவிய, ஆடுவதற்கேற்ற ஜாஸ் இசை. தமிழில் இப்படி ஒன்று வந்ததே பெரிய மகிழ்ச்சி. அதில் பாட்டின் பெயர் இருக்கிறது, குழுவின் பெயர் இருக்கிறது, பதிவான ஆண்டுதான் இல்லை. ஸ்விங் இசையில் இது கதவு எண் இல்லாத முகவரி மாதிரி. தெருவரைக்கும் போய்விடலாம், வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

'ஸ்டாம்பின் அட் தி சவாய்' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். மெட்டு எட்கர் சாம்ப்சனுடையது. அதை 1934இல் சிக் வெப் குழு பதிந்தது, 1936இல் பென்னி குட்மன் குழு பதிந்தது. வெப்புடையது துடிப்பான வேகம். குட்மனுடையது நிதானம், ஆடப் பழகுகிறவர்களுக்கு அதுதான் சரி. தவறான பதிவை எடுத்தவர் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார், தனக்கு ஆட்டம் வரவில்லை என்றும் நினைத்துக்கொள்வார்.

புதிதாக ஆடுகிறவர்களுக்கென்று 'சிங் சிங் சிங்'கை முதலில் வைத்திருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 1937 ஜூலையில் குட்மன் குழு பதிந்தபோது அது 12 அங்குலத் தட்டின் இரு பக்கங்களையும் நிறைத்தது. எட்டரை நிமிடத்துக்கு மேல் ஓடும். வேகம் நிமிடத்துக்கு 200 பீட்டுக்கு (தாள எண்ணிக்கைக்கு) மேல். ஸ்விங் இசைக்கு ஜோடியாக ஆடும் லிண்டி ஹாப்பில் இரண்டு பீட்டுக்குள் மூன்று அடி வைக்கும் ட்ரிப்பிள் ஸ்டெப் அடிக்கடி வரும். 130 பீட்டில் அந்த மூன்று அடிக்கு ஏறக்குறைய 0.9 நொடி கிடைக்கும். 200இல் 0.6 நொடிதான். பழகாத கால் நடு அடியை விழுங்கிவிடும். உடம்பு பின்னால் சாயும், கை ஜோடியை இழுக்கத் தொடங்கும். இதில் எட்டரை நிமிடம் என்றால் ஜோடியின் தோள்பட்டைதான் பாவம். இந்தப் பாட்டை உட்கார்ந்து கேளுங்கள், அதுவும் 1938 ஜனவரி 16 அன்று கார்னகி ஹாலில் வாசித்ததை. ஜீன் க்ரூப்பாவின் டிரம்ஸ் ஓய்ந்து வரும் கட்டத்தில் ஜெஸ் ஸ்டேசி பியானோவைத் தணிந்த குரலில் தொடங்குவார். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே மொத்தப் பதிவையும் கேட்கலாம்.

வேகத்தை அளப்பது எளிது. 15 நொடிக்கு பீட்டை எண்ணி நான்கால் பெருக்குங்கள். கைபேசிச் செயலியை நம்பினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்விங்கில் 2, 4 ஆகிய பீட்டுகளில் அழுத்தம் விழுவதால் சில செயலிகள் அவற்றை மட்டும் எண்ணி, 180ஐ 90 என்று காட்டிவிடும். 90 என்று பார்த்து, மெதுவான பாட்டு என்று போட்டால் அரங்கமே திணறும். தொடக்கக்காரர்களுக்கு 120 முதல் 140, பழகியவர்களுக்கு 140 முதல் 180, அதற்கு மேல் தேர்ந்தவர்களுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆட்டத்துக்கு முதல் பாட்டு எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: கவுண்ட் பேஸி குழு 1956 ஜனவரியில் பதிந்த 'ஷைனி ஸ்டாக்கிங்ஸ்'. 125 பீட்டை ஒட்டிய வேகம். ஃப்ராங்க் ஃபாஸ்டரின் இசையமைப்பு. அடக்கமாகத் தொடங்கி, கடைசிச் சுற்றில் குழு முழுவதும் சேர்ந்து முழங்கும். அந்த இடம் வரும்வரை பெரிய அசைவுகளைக் கையில் வைத்திருப்பது நல்லது. அடுத்தது ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட் குழு 1939 ஜனவரியில் பதிந்த 'டெய்ன்ட் வாட் யூ டூ'. 160 அளவு. ஷிம் ஷாம் என்ற வரிசை ஆட்டத்துக்கு உலகெங்கும் இதைத்தான் போடுகிறார்கள். ஆடுகிறவர்கள் பீட்டை எட்டெட்டாக எண்ணுவார்கள். ஷிம் ஷாமில் முதல் அடி 1இல் வராது, அதற்கு முந்தைய 8இல் விழும். புதியவர்கள் தவறுவது இங்கேதான்.

பேஸியின் 'ஒன் ஓ'க்ளாக் ஜம்ப்' (1937 ஜூலை) பன்னிரண்டு பார் ப்ளூஸ் வடிவம். ஒரு பார் என்பது நான்கு பீட். ஒரு சுற்றுக்கு 48 பீட், அதாவது ஆறு எட்டுகள். பாட்டு வடிவங்களில் நாம் பழகியிருப்பது எட்டு பார், 32 பீட், நான்கு எட்டுகள். அதே நினைப்பில் ப்ளூஸுக்கு ஆடினால் குழு அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும்போது கால் பழைய வரியிலேயே நிற்கும். ஆறு பீட் அடவுகள் ப்ளூஸில் சுற்றுக்கு எட்டு முறை கச்சிதமாக உட்காரும். 32 பீட்டில் உட்கார வேண்டுமானால் நான்கு ஆறுகளோடு ஓர் எட்டைச் சேர்க்க வேண்டும்.

ஸ்விங் என்பதற்கே விளக்கம் கேட்கிறவர்களுக்கு நம் திஸ்ரத்தைச் சொல்வேன். ஒரு பீட்டை 'தகிட' என்று மூன்றாக்கி, முதல் இரண்டையும் ஒன்றாக நீட்டி 'தா…ட, தா…ட' என்று சொல்லிப் பாருங்கள். மிதமான வேகத்தில் அந்த அசைவு நன்றாகக் கேட்கும். வேகம் ஏற ஏற நீளமும் குறுக்கமும் சமமாகிக்கொண்டே வரும். அதனால்தான் 1938இன் 'ஜம்ப்பின் அட் தி வுட்சைடு' போன்ற வேகப் பாட்டில் இந்த ஊசலாட்டத்தைக் காலால் பிடிப்பது கடினம்.

பேஸி குழுவின் அடித்தளம் நான்கு பேர்: பியானோவில் பேஸி, டபுள் பேஸில் வால்டர் பேஜ், கிட்டாரில் ஃப்ரெடி கிரீன், டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ். ஜோன்ஸ் தாளத்தின் ஓட்டத்தைக் காலால் அடிக்கும் பெரிய டிரம்மிலிருந்து ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தகடுக்குக் கொண்டுபோனார். பழைய தட்டின் கரகரப்பைப் போக்குகிறேன் என்று ஒலியை அளவுக்கு மீறிச் சுத்தம் செய்யும்போது முதலில் அழிவது அந்த ஹை-ஹாட்தான். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் டபுள் பேஸும் போய்விடும். மேலே டிரம்பெட்டும் சாக்ஸபோனும் மட்டும் மிஞ்சும், ஆடுகிறவர் எதைப் பிடித்து நிற்பார்? கரகரப்பு இருந்தால் இருக்கட்டும், தாளம் தெளிவாகக் கேட்கும் பதிப்பை வாங்குங்கள்.

பழைய தட்டை வேகம் மாற்றி ஓட்டி நகலெடுத்த பதிப்புகளும் உண்டு. அரைச் சுருதி ஏறினாலே 180 பீட் 190 ஆகிவிடும். 'ஒன் ஓ'க்ளாக் ஜம்ப்' பியானோவில் எஃப் சுருதியில் தொடங்கி, பிறகு டி பிளாட்டுக்கு மாறும். வீட்டில் கீபோர்டு இருந்தால் ஒத்துப் பார்த்துவிடலாம். உறையில் 1939 என்று போட்டிருந்து, சாக்ஸபோன் இடப்பக்கமும் டிரம்பெட் வலப்பக்கமும் பிரிந்து ஒலித்தால் ஏமாறாதீர்கள். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1950களின் கடைசியில். அது பின்னாளில் மறுபடி வாசித்துப் பதிந்ததாகவோ, செயற்கையாகப் பிரித்த ஒலியாகவோதான் இருக்கும்.

கேட்பதற்கு மட்டும் என்றால் டியூக் எலிங்டன் குழுவின் 'காட்டன் டெய்ல்' (1940 மே), பென் வெப்ஸ்டரின் சாக்ஸபோனுக்காக. கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபரில் பதிந்த 'பாடி அண்ட் சோல்'. மெட்டை லேசாகத் தொட்டுவிட்டு மீதி முழுவதும் தன் கற்பனையில் போவார். பேஸியின் 'லில் டார்லின்' (1957) 70 பீட்டை ஒட்டியது. நீல் ஹெஃப்டி அதை இன்னும் வேகமாக நினைத்துத்தான் எழுதினார், இவ்வளவு மெதுவாக்கியது பேஸி. மெதுவாக இருக்கிறதே என்று புதியவர்களை இதற்கு ஆட வைக்காதீர்கள். ஒரு பீட்டுக்கும் அடுத்த பீட்டுக்கும் நடுவே எடையைத் தாங்கி நிற்பது வேகமாக ஆடுவதைவிடக் கடினம்.

ஒரு மாலைக்குப் பாட்டு அடுக்குகிறவர்கள் 130இல் தொடங்கி, மூன்று நான்கு பாட்டில் 170க்கு ஏறி, 200க்கு மேல் ஒன்று போட்டுவிட்டு உடனே 125க்கு இறங்கட்டும். வேகப் பாட்டை அடுத்தடுத்து இரண்டு போட்டால் மூன்றாவது பாட்டுக்கு ஆள் எழ மாட்டார்கள். பழைய 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். ஆடுகிற உடம்புக்கும் அந்த அளவு சரியாகவே இருக்கிறது.

அடுத்த பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பதிவான ஆண்டு, நிமிடத்துக்கு எத்தனை பீட், எத்தனை நிமிடம் ஓடும் என்ற மூன்றையும் அச்சிடுங்கள். ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

அன்புடன்,
வாசகர், கோவை