வெட்டுக்குப் போகும் அம்மாமாரும் ‘புதுமை’ மானியமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் குலசேகரம் பக்கத்தில் இருபத்தாறு வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் இன்னும் ‘பால்வாடி டீச்சர்’தான். குழந்தைகள் நலனில் புதுமையான திட்டங்களுக்கு அரசு தனியாக நிதி கொடுக்க வேண்டும் என்று பலரும் பேசுகிறார்கள். விடியற்காலம் ரப்பர் வெட்டப் போகும் அம்மாமாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அப்படி ஒரு மானியம் எங்கள் ஊருக்கும் வந்தது. ஒரு வருடம் இருந்தது, போய்விட்டது. அது போன விதத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கம் ரப்பர்தான் பிழைப்பு. வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டோடு வெட்டுக்கு, அதாவது மரப்பட்டையைக் கீறிப் பாலெடுக்க, போவார்கள். மரக்கணக்குக்குத்தான் கூலி, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இறங்கினால்தான் கூடுதல் மரம் வெட்டி, பாலெடுத்து, உறை ஊற்றி முடிக்க முடியும். நாலு மணிக்கு வீட்டை விட்டு இறங்கும் அம்மாவின் பிள்ளை அங்கன்வாடி திறக்கிற வரைக்கும் எங்கே இருக்கும்? தூங்கும் என்பார்கள். தூங்கும்தான். முழித்துப் பார்த்து, ஆளில்லாத வீட்டில் அழவும் செய்யும். பாலை உறைய வைக்கிற ஆசிட் பாட்டிலை மூன்று வயதுப் பையன் ஒருவன் அப்படித்தான் திறந்து கையில் ஊற்றிக்கொண்டான். இப்போது கல்லூரியில் படிக்கிறான். வலது கையில் மணிக்கட்டு வரை அந்தத் தழும்பு இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவில் ஓர் அம்மச்சி (பாட்டி) பிள்ளைகளை வாங்கி வைக்க ஆரம்பித்தார். தோர்த்துத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுத் தூங்கத் தூங்கக் கொண்டுவருவார்கள். வராந்தாவில் பாயை விரித்து வரிசையாகக் கிடத்துவார். அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. இருட்டில் முழித்தால் அந்த மணத்துக்கே பாதி பிள்ளைகள் திரும்பத் தூங்கிவிடும். மீதிக்கு, “அம்மை பால் வெட்டப் போயிருக்கா மக்களே, இப்ப வந்துருவா.” காலையில் பால் சேர்க்காத கட்டன் சாயா வேறு கொடுப்பார், பிள்ளைகளுக்குச் சாயா கொடுக்காதீங்க என்று நான் எத்தனை தரம் சொல்லியும் கேட்டதில்லை. வாரம் ஒரு பிள்ளைக்கு இருபது ரூபாய். இல்லாதவர்கள் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) கொண்டு வைப்பார்கள்.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அவர்களின் பிள்ளைகள் 20 பேரோ இருந்தால் தோட்டத்திலேயே குழந்தைகள் காப்பகம் நடத்தச் சொன்னது. பெரிய எஸ்டேட்டுக்குச் சரி. ஐம்பது சென்ட், ஒரு ஏக்கர் என்று வைத்திருக்கிறவர்களின் சின்னத் தோட்டத்தில் வெட்டுகிற பெண்களுக்கு அதனால் என்ன?

மானியம் உண்டு என்று கேள்விப்பட்டு, ஒரு தொண்டு நிறுவனம் வழியாக விண்ணப்பம் போட்டோம். அதில் ‘இத்திட்டத்தில் புதுமை என்ன?’ என்று ஒரு கட்டம். ‘காலை நாலு மணிக்குத் திறப்போம்’ என்று எழுதினேன். அது புதுமை இல்லை, வெறும் நேர மாற்றம் என்று திருப்பிவிட்டார்கள். பிறகு அந்த நிறுவனத்துப் பையன் உட்கார்ந்து டேப்லெட், கேமரா, வருகைப் பதிவுக்கு ஒரு ஆப் என்று எழுதிச் சேர்த்தான். உடனே கிடைத்தது! சுவரில் பட்டாம்பூச்சி வரைந்தார்கள். ரப்பர் மெத்தை வந்தது. அம்மச்சிக்கும் உதவிக்கு வந்த பெண்ணுக்கும் சம்பளமாக ஒதுக்கியது மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பத்து மாதம் இருபத்திரண்டு பிள்ளைகள் பத்திரமாகத் தூங்கி எழுந்தார்கள்.

ஆய்வுக்கு வந்தது மாசி மாதம், பகல் பதினொரு மணிக்கு. மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து தளிர்க்கும். மரத்துக்கு ஓய்வு கொடுத்து வெட்டை நிறுத்திவிடுவார்கள். அம்மாமார் வீட்டில் இருக்கும்போது பிள்ளைகள் எதற்கு அங்கே வரும்? இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ‘பயனாளிகள் வருகை குறைவு’ என்று எழுதிப் போனார்கள். மார்ச்சோடு கணக்கை முடித்து, பணம் செலவான விதத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்து, கதவைப் பூட்டியாயிற்று.

புதுமைக்கென்று பணம் ஒதுக்குவது ஒன்றும் புதிதில்லை. 2009இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்திலேயே உள்ளூர்த் தேவைக்கேற்ற புதிய முயற்சிகளுக்குத் தனி மானியம் வைத்திருந்தார்கள். எங்கே தவறுகிறது என்றால், பொருள் வாங்கக் கொடுக்கிறார்கள், ஆளுக்குக் கொடுக்க யோசிக்கிறார்கள். அதுவும் ஒரு வருடத்துக்கு. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாகக் கொண்டுவந்த சத்துணவு ஒரு வருட முன்னோடித் திட்டமாக வந்து, மறு மார்ச்சில் அடுப்பை அணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்று ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான வாத்சல்யாவில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வருகிறது, மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் 2,000 ரூபாய். நல்ல காரியம். அந்தப் பணம் வீட்டுக்கு வரும். விடியற்காலம் பிள்ளைக்குக் காவலிருக்க வராது.

ஆள்தான் தேவை என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். அசாமின் திப்ரூகரில் கிளம்பும் விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கன்னியாகுமரியில் வந்து நிற்கிறது. ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருக்கும் என் தங்கை மகன் ஒரு நாள் தனியாக உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையனைப் பார்த்து குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தான். சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஆனால் பையன் பேசிய அசாமிய மொழி யாருக்கும் தெரியவில்லை. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும்; நிறுத்தி என்ன மொழியில் கேட்பது? கடைசியில் ஓட்டலில் பரோட்டா போடும் அசாம்காரர் ஒருவர்தான் மாவுக் கையோடு வந்து பேசினார். இந்த மாவட்டத்தில் அசாமியம், வங்காளம், ஒடியா பேசும் பத்துப் பேரின் போன் நம்பரும், வந்து போகிற அன்றைய கூலியும் இருந்தால் போதும். எந்த விண்ணப்பத்தின் கட்டத்தில் இதை எழுதுவது?

ஒன்றிய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்கள் வருகின்றன. காப்பகத்துக்கு மாதம் 26 நாள், நாளைக்கு ஏழரை மணி நேரம் என்று கணக்கு. நாலு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றரை. வெட்டு முடிந்து, பாலெடுத்து, அம்மா திரும்பி வரச் சரியாக இருக்கும். எங்கள் பக்கத்துக்கு அந்த நேரத்தை மாவட்ட ஆட்சியரே ஒதுக்கித் தரலாம். புதுமை மானியம் தருவதானால் மூன்று வருடத்துக்குக் குறையாமல் தாருங்கள். அதில் பாதியாவது சம்பளமாகப் போகட்டும்.

பட்டாம்பூச்சி வரைந்த அறையில் இப்போது ஒட்டுப்பால் (மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர்) சாக்கு அடுக்கியிருக்கிறது. அம்மச்சிக்கு முழங்கால் முடியவில்லை, ஆனாலும் நாலு பிள்ளைகள் அவர் வராந்தாவில்தான் தூங்குகின்றன. அடுத்த முறை ஆய்வுக்கு வருகிறவர்கள் மார்கழியில் ஒரு நாள், விடியற்காலம் நாலு மணிக்கு வரட்டும். சாயா நான் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
திருவட்டாறு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.