மலைக்கு அந்தப் பக்கம் 'ஒண்ணுமே இல்ல' என்பவர்களுக்கு

சியாட்டில் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் வந்தால் நாமெல்லாம் டூலிப் தோட்டம் பார்க்க ஸ்காஜிட் பள்ளத்தாக்குக்குக் கிளம்புகிறோம். ஸ்போகேனுக்கோ யெல்லோஸ்டோனுக்கோ போகும்போது மட்டும்தான் காஸ்கேட் மலையின் ஸ்னோகுவால்மி கணவாயைத் தாண்டிக் கிழக்கே போகிறோம். எல்லென்ஸ்பர்க் போனதும் வெளியே பார்த்து, "இங்க ஒண்ணுமே இல்ல, வெறும் பொட்டல்காடு" என்கிறோம். இந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

அங்கே எங்கு பார்த்தாலும் தெரிகிற சாம்பல் நிறப் புதரின் பெயர் சேஜ்பிரஷ். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை ஒருமுறை எல்லென்ஸ்பர்க்குக்குக் கிழக்கே வேன்டேஜ் பக்கம் கூட்டிப்போனேன். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தவர், "மரிக்கொழுந்து மாதிரி, ஆனா கற்பூரம் கலந்த மாதிரி இருக்கே" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், இரண்டும் ஆர்ட்டிமீசியா என்ற ஒரே பேரினம்! மதுரைப் பூக்கடையில் மல்லிகையோடு வைத்துக் கட்டுகிற மரிக்கொழுந்தின் பங்காளி, ஆண்டுக்கு இருபது சென்டிமீட்டர் மழைகூடச் சரியாகப் பெய்யாத இடத்தில் நூறு வருஷம்கூட வாழ்கிறது.

மேகத்தை காஸ்கேட் மலை தடுத்துவிடுவதால் அங்கே மழை குறைவு. பனி உருகிய ஈரம் காய்வதற்குள் பூத்துவிட வேண்டும் என்று எல்லாச் செடிக்கும் அவசரம். ஏப்ரல் கடைசியில் பால்சம்ரூட் சரிவெல்லாம் மஞ்சளாகப் பூக்கும், நடுவே லூபின் நீலமாக. அப்புறம் கல்லிடுக்கில் பிட்டர்ரூட். தரையோடு ஒட்டி, இலை வாடும் நேரத்தில் இளஞ்சிவப்பாக விரியும். அதன் கிழங்கு அங்கத்திய பூர்வகுடிகளான யாக்கமா மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உணவு. அந்த மண் அவர்களுக்கு ஒருநாளும் பொட்டலாக இருந்ததில்லை.

அங்கே பிக்மி முயல் ஒன்று உண்டு, இரண்டு கையில் அடங்கிவிடும். குளிர்காலத்தில் அதற்குச் சாப்பாடு ஏறக்குறைய சேஜ்பிரஷ் இலை மட்டும்தான். சேஜ் க்ரௌஸ் பறவைக்கும் அப்படியே. புதர் போனால் இரண்டும் போய்விடும். இந்தக் கொலம்பியா வடிநிலத்துப் பிக்மி முயல்கள் காட்டில் அற்றுப்போகும் நிலைக்கு வந்ததால், மிஞ்சியவற்றைப் பிடித்து ஐடஹோ முயல்களோடு சேர்த்துப் பெருக்கி, 2011 முதல் மறுபடி விட்டு வருகிறார்கள். 2020 செப்டம்பரில் பேர்ல் ஹில் என்ற காட்டுத்தீ இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தபோது, அப்படி வளர்த்துவந்த ஓர் இடமும் எரிந்தது.

எரிந்த பெரிய சேஜ்பிரஷ் வேரிலிருந்து மறுபடி துளிர்க்காது. விதை விழுந்துதான் வர வேண்டும். அதற்குள் சீட்கிராஸ் என்ற வந்தேறிப் புல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜூனிலேயே காய்ந்து, அடுத்த தீக்கு விறகாகக் காத்திருக்கும். அதன் விதை ஊசி மாதிரி நம் சாக்ஸில் குத்திக்கொண்டு ஊர் ஊராகப் பயணம் போகும். அதனால், காரில் ஏறும் முன் சாக்ஸையும் ஷூவையும் உதறி, விதைகளைப் பொறுக்கிப் பையில் போட்டு வந்துவிடுங்கள்.

போன வசந்தத்தில் ஒரு குடும்பக் கூட்டம் படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு இறங்கிப் பூக்களுக்குள் உட்கார்ந்தது. பிள்ளைகள் கை நிறையப் பால்சம்ரூட் பறித்தார்கள். அந்தச் செடி முதல் பூ பூக்கவே பல வருஷம் ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே இருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. புதர்களுக்கு நடுவே கறுப்பாகப் பொருபொருவென்று தெரிகிற மேல்மண்ணும் உயிருள்ளது. பாசியும் லைக்கனும் (நம் கல்பாசி வகை) பின்னிய அந்தத் தோல்தான் மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைக்கிறது. மிதித்து உடைத்தால் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம்.

சங்கங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வசந்தச் சுற்றுலா திட்டமிடுகிறவர்களிடம் கேட்கிறேன்: ஒரு வருஷம் டூலிப்புக்குப் பதில் இங்கே வாருங்கள். பாதையிலேயே நடங்கள். கோடையில் வந்தால் காய்ந்த புல்மேல் காரை நிறுத்தாதீர்கள், அடியில் இருக்கும் சூடான குழாய் பட்டாலே பற்றிக்கொள்ளும். பட்டாசு வேண்டவே வேண்டாம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். உதிர்ந்து கிடக்கும் இலை ஒன்றை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து, என்ன வாசனை என்று கேளுங்கள்.

அன்புடன்,
மலைக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் உங்களில் ஒருவன்